விரத நாளில் இறங்கிய சர்க்கரை: ஓர் இல்லப் பராமரிப்புத் திட்டமும் புதிய தாதியின் ஐயங்களும்

மருத்துவமனை வார்டிலிருந்து இல்லப் பராமரிப்புக்கு மாறி வரும் தாதியர் முதல் சில வாரங்களில் எழுப்பும் கேள்விகளை, அனுபவக் குறைவின் வெளிப்பாடாகவே பல குழுக்களில் எடுத்துக்கொள்கிறார்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்ற பதிலோடு அந்தக் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. அப்படி முடிந்திருந்தால் ஒரு மூதாட்டியின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கக்கூடிய ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். புதிதாக வரும் தாதியருக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் இந்த வீட்டுக்கு அந்தத் தாதியுடன் நானும் சென்றேன். திட்டம் திருத்தப்பட்ட கலந்துரையாடலிலும் பங்கேற்றேன். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்படும் இக்குறிப்பில் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பராமரிப்புத் திட்டத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதி, அதை யார் செய்வார், எந்த நேரத்தில் செய்வார், எந்த அளவில் நிறுத்துவார், அவர் இல்லாத நாளில் யார் செய்வார் என்பவற்றை எழுதாமல் விட்டால், அது வீட்டில் நடக்கும் பராமரிப்பை விவரிக்கவில்லை. இந்த இடைவெளியை முதலில் காணக்கூடியவர், அந்த வீட்டுக்கு இன்னும் பழகாத தாதிதான்.

நோயாளியும் வீடும்

நோயாளி 78 வயதுத் தமிழ் மூதாட்டி. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மகன், மருமகள், மியன்மாரைச் சேர்ந்த பணிப்பெண் ஆகியோருடன் வசிக்கிறார். நெடுங்காலமாக இரண்டாம் வகை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர். சிறுநீரகச் செயல்பாடு மூன்றாம் நிலைக்குக் குறைந்திருந்தது. பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்த பிறகு, மருத்துவமனையிலும் அதன்பின் சமூக மருத்துவமனையிலும் தங்கியிருந்து வீடு திரும்பினார். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக எங்கள் குழுவிடம் பரிந்துரைக்கப்பட்டபோது, அவருக்குப் புட்டத்தின் மேற்பகுதியில் இரண்டாம் நிலைப் படுக்கைப் புண் இருந்தது. தண்ணீர், தேநீர் போன்றவற்றைக் குடித்தால் இருமல் வந்ததால், எல்லா நீர்மங்களையும் கெட்டிப்படுத்தும் மாவு கலந்து 2ஆம் நிலைக் கெட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு சிகிச்சையாளர் குறித்திருந்தார். காலையிலும் மாலையிலும் 30/70 முன்கலப்பு இன்சுலின் (விரைந்து வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), இரத்த அழுத்தத்துக்கு மற்ற மருந்துகளோடு ஒரு பீட்டா தடுப்பான் என்று மருந்துப் பட்டியல் நீண்டது. அறிவுத் தெளிவில் எந்தக் குறையும் இல்லை. பேசுவது தமிழ் மட்டுமே.

மகன் சுழல் பணியில் இருப்பவர். மருமகள் காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆகவே நாளின் பெரும்பகுதியில் மூதாட்டியுடன் இருப்பவர் பணிப்பெண் ஒருவரே. சர்க்கரை பார்ப்பது, ஊசி போடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவருடைய கைகளால்தான் நடந்தன.

வீட்டுக்கு முன்பு சென்று வந்த தாதி அனுபவம் மிக்கவர்; கவனமாகப் பணியாற்றுபவர். தமிழ் தெரியாது என்பதால், மருமகளிடம் தொலைபேசியில் கேட்டும் பணிப்பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசியும் நிலைமையை அறிந்துகொண்டார். அவர் வேறு வட்டாரத்துக்கு மாற்றப்பட்டபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் பட்டயம் பெற்று, சில ஆண்டுகள் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்துவிட்டு அண்மையில் எங்களிடம் சேர்ந்திருந்த தமிழ்த் தாதியிடம் இந்த வீடு ஒப்படைக்கப்பட்டது.

திட்டத்தில் இருந்தது

கோப்பிலிருந்த பராமரிப்புத் திட்டம் பார்வைக்கு முழுமையானது. புண்ணின் நீளம், அகலம், ஆழம், கட்டுப் போடும் முறை ஆகியவை தெளிவாக இருந்தன. படுக்கைப் புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் மதிப்பெண் 14 என்று குறிக்கப்பட்டிருந்தது. 18 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அபாயம் என்பதால் அது சரியாகவே எச்சரித்தது. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவும்", "நீரிழிவு உணவு மூன்று வேளை", "இன்சுலின் காலை, மாலை", "பராமரிப்பாளருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கப்பட்டது", "சர்க்கரை குறைந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவும்" என்று ஒவ்வொரு வரியும் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.6 விழுக்காடு என்றும், அதற்கு எதிரே "நல்ல கட்டுப்பாடு" என்றும் எழுதப்பட்டிருந்தது.

குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிவறை செல்லல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் ஐந்துக்கு உதவி தேவை என்ற மதிப்பீடும் இருந்தது. கேர்ஷீல்டு லைஃப் என்னும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியின் வழங்குதொகைக்கும் இதே ஆறு செயல்களைத்தான் பார்க்கிறார்கள். அவற்றில் மூன்றுக்கோ அதற்கு மேலோ மற்றவரின் உதவி தேவைப்பட்டால் கடும் உடற்குறை என்று கொள்வார்கள். நோயாளியால் எது முடியாது என்பதை அந்த மதிப்பீடு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதை ஈடுசெய்யும் ஆள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதற்கு அதில் இடமில்லை.

புதிய தாதி முதல் வருகைக்குப் பிறகே என்னிடம் சொன்னது: "அக்கா, திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் இந்த வீடு அதில் இல்லை. மருத்துவமனை கொடுத்த குறிப்பையே திரும்ப எழுதியதுபோல் இருக்கிறது." ஆதாரம் என்ன என்று நான் கேட்டேன். அவரிடம் அப்போது பதில் இல்லை. அடுத்த வருகையில் கிடைத்தது.

சமையலறை நாட்காட்டி

சர்க்கரை அளவை எழுதக் குழு கொடுத்திருந்த தாளில், ஒரு நாளுக்கு இரண்டு கட்டங்கள் மட்டுமே உண்டு: காலை உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன். அந்தத் தாளில் அளவுகள் எல்லாம் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 6க்கும் 10க்கும் இடையில் அழகாக அமைந்திருந்தன. தாதி கட்டுப் போட்டுவிட்டுக் கைகழுவச் சமையலறைக்குச் சென்றபோது, சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைக் கண்டார். பணிப்பெண் உண்மையில் அளவுகளை எழுதிவந்தது அதில்தான். தாதி வரும் நாளுக்கு முன்பு அவற்றிலிருந்து தாளுக்கு எடுத்தெழுதுவது அவருடைய வழக்கம். நாட்காட்டியின் சில கட்டங்களில் நீல மையில் எழுதிய இரண்டு எண்களோடு, சிவப்பு மையில் மூன்றாவது எண் ஒன்றும் இருந்தது: 3.9, 3.6, 3.4, மீண்டும் 3.6. "பாட்டிக்குத் தலைசுற்றல்" என்று மூதாட்டி சொன்ன நேரங்களில் பணிப்பெண் தாமாகவே பார்த்துக் குறித்தவை அவை. தாளில் மூன்றாவது எண்ணுக்குக் கட்டம் இல்லாததால், அவை ஒருபோதும் கோப்புக்கு வந்து சேரவில்லை.

சிவப்பு எண்கள் விழுந்திருந்த நாள்களைத் தாதி விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வெள்ளி, வெள்ளி, இடையில் ஒரு செவ்வாய், பிறகு மீண்டும் வெள்ளி. அந்தச் செவ்வாய்க் கட்டத்தின் மூலையில் "சஷ்டி" என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மூதாட்டியிடம் திரும்பி வந்து, "பாட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்ல. ராகு காலம் முடிஞ்சு சாமி கும்பிடாம வாயில ஒண்ணும் வைக்கமாட்டேன்மா."

"முன்னாடி வந்த மிஸ்ஸிகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையேம்மா. மருமககிட்ட கேட்டா சாப்பிட்டாச்சுன்னு சொல்லிரும். பாவம், வேலைக்கு ஓடுற பிள்ளை, அதுக்கு எங்க தெரியும்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. காலை ஏழு மணிக்கு ஊசி போடப்பட்டுவிடுகிறது. முன்கலப்பு இன்சுலின் போட்ட அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டாவது மணி நேரத்திலிருந்து எட்டாவது மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும். அதனால்தான் ஊசிக்கு அரை மணி நேரத்துக்குள் உணவு என்பது விதி. இந்த மூதாட்டிக்கோ, இன்சுலின் உச்சத்தில் இருக்கும் முதல் மூன்று மணி நேரமும் வெறும் வயிறு. சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் இன்சுலின் உடலைவிட்டு நீங்குவதும் தாமதமாகிறது. போதாக்குறைக்குப் பீட்டா தடுப்பான், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுகிறது. வியர்வை ஒன்றுதான் வெளியே தெரியும். சர்க்கரை மேலும் இறங்கிப் பேச்சு குழறினால், பக்கவாதம் வந்த ஒருவரிடம் அதை இரண்டாவது பக்கவாதம் என்றே எவரும் நினைப்பர்.

தாதி உடனே விரலில் குத்திப் பார்த்தார். 3.7. மூதாட்டியின் நெற்றியில் மட்டும் வியர்த்திருந்தது. 4.0க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் திட்டத்தில் எழுதியிருந்தபடி சர்க்கரைத் தண்ணீரை அப்படியே கொடுக்க முடியாது. அதே திட்டத்தின் இன்னொரு பக்கத்தில், கெட்டிப்படுத்தாத நீர்மம் கூடாது என்று பேச்சு சிகிச்சையாளர் எழுதியிருக்கிறார். சர்க்கரை குறைந்து சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் நோயாளி புரையேறி நுரையீரலுக்குள் நீர்மத்தை இழுத்துக்கொள்ள அதிக வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கங்களையும் எழுதியவர்கள் இருவர். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது அவசர நேரத்தில் தனியாக இருக்கும் பணிப்பெண். இந்தத் திட்டத்தில் நான் கண்ட குறைகளிலேயே இதைத்தான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன்.

தாதி மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்து, மாவு கலந்து கெட்டியாக்கிக் கொண்டுவந்தார். பூசைக்கு முன்னால் வேண்டாம் என்று மூதாட்டி வாயை மூடிக்கொண்டார். சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தாதி அவரிடமே விளக்கினார். மகனை அழைத்து மிரட்டச் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டு மூதாட்டியே வழி சொன்னார்: "அந்தக் கிண்ணத்த முருகன் படத்துக்கு முன்னால வச்சு எடுத்துட்டு வா. பிரசாதம்னு குடிச்சுக்கிறேன்." பதினைந்து நிமிடத்தில் அளவு 4.9க்கு ஏறியது. பூசையை அன்று முன்கூட்டியே முடித்துவிட்டு உணவும் உண்டார்.

ஊசி, ஞாயிற்றுக்கிழமை, இரவு

ஒரு வரி பொய்த்ததும் மற்ற வரிகளையும் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அடுத்த வருகைக்கு நானும் சென்றேன். "கற்றுக்கொடுக்கப்பட்டது" என்ற குறிக்கு எதிரே, செய்து காட்டச் சொல்லிப் பார்த்தோம். பணிப்பெண் மிகுந்த பொறுப்போடு செய்தார். அளவைச் சரியாகத் திருப்பினார், ஊசியைக் குத்திய பின் எண்ணிக்கொண்டு காத்திருந்தார். ஆனால் பேனாவை உருட்டவில்லை. முன்கலப்பு இன்சுலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும் தன்மை உடையது. உள்ளங்கைகளுக்கு இடையே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து, ஒரே சீரான வெண்மை வந்த பிறகே போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் விரைந்து வேலை செய்யும் பகுதி கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் போய்ச் சேரும். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தியதால், தோலுக்கடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தடித்திருந்தது. அந்த இடத்தில் இறங்கும் இன்சுலின் எப்போது எவ்வளவு இரத்தத்தில் கலக்கும் என்று கணிக்க இயலாது. தோலைத் தொட்டுப் பார்க்காமல் இதைக் கண்டறிய முடியாது.

நாட்காட்டியில் ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் கட்டங்கள் காலியாக இருந்தன. அவை பணிப்பெண்ணின் ஓய்வு நாள்கள். இல்லப் பணிப்பெண்ணுக்கு மாதத்தில் குறைந்தது ஒரு நாளாவது, பணமாக ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு நாள் வழங்க வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் விதி இருக்கிறது. இந்தக் குடும்பம் அதைவிடக் கூடுதலாகவே கொடுத்துவந்தது. அது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த நாள்களில் ஊசி போடுவது யார் என்று திட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. மகனிடம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: தமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தவறாகப் போட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அந்த நாள்களில் போடுவதில்லை. ஆக, நாங்கள் "நல்ல கட்டுப்பாடு" என்று எழுதிவைத்த 6.6 விழுக்காடு, ஊசியே இல்லாத நாள்களின் ஏற்றமும் விரத நாள்களின் இறக்கமும் கலந்து வந்த சராசரி. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பராமரிப்புத் தரநிலைகள், பல நோய்களும் பிறர் உதவியும் சேர்ந்த முதியோருக்கு 8 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் போதும் என்கின்றன. இன்சுலின் போடும் தளர்ந்த முதியவரிடம் 6.6ஐக் கண்டால், சர்க்கரை எப்போது தாழ்கிறது என்று தேடத் தொடங்குவதே சரியான எதிர்வினை.

இரவு நிலைமை வேறு வகையானது. புரட்டும் அட்டவணையில் 10, 12, 2, 4, 6 என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் குறிகள் இருந்தன. புதிய தாதி அதைக் குற்றமாகப் பேசவில்லை, "நீங்கள் எப்போது தூங்குவீர்கள்?" என்று மட்டும் பணிப்பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் அழுதுவிட்டார். இரண்டு மணிக்கு ஒருமுறை எழ முயன்று, முடியாமல், பயத்தில் காலையில் குறிகளைப் போட்டுவந்திருக்கிறார். பகல் முழுதும் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பும் கட்டளையை எழுதியபோது, மூன்று வேளைத் தாதியர் மாறி மாறி நிற்கும் வார்டை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறோம். காற்று மெத்தையும் இருந்தது. ஆனால் அதன் விசையைப் பார்த்தபோது, அழுத்தக் குமிழ் மிகக் கூடிய எடைக்குத் திருப்பப்பட்டிருந்தது. நாற்பத்தாறு கிலோ எடையுள்ள மூதாட்டி, காற்று மெத்தை என்ற பெயரில் கிட்டத்தட்டப் பலகைபோன்ற ஒன்றின் மேல் படுத்திருந்தார்.

ஐயத்தை எழுப்பிய விதம்

தாதி தம் ஐயங்களை முதலில் குழுவின் வாட்ஸ்அப் உரையாடலில் எழுதினார். நீளமான செய்தி, உணர்ச்சியும் தகவலும் கலந்திருந்தன. மேற்பார்வையாளர் ஒருவரிடமிருந்து வந்த பதில், மருத்துவர் கையெழுத்திட்ட திட்டம் அது, அடுத்த மாதாந்தரக் கலந்துரையாடலில் பேசலாம் என்பதே. அந்தப் பதிலில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஒரு நாளில் பல வீடுகளுக்குச் சென்று வரும் குழுவில், கலந்துரையாடலுக்குரிய விஷயத்துக்கும் இன்றே அழைக்க வேண்டிய விஷயத்துக்கும் வேறுபாடு தெரியும்படி செய்தி வர வேண்டும். அந்த வேறுபாட்டை வகுத்துச் சொல்லும் பயிற்சி புதியவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. பழுது அங்கேதான்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்தியை நான்கு பகுதியாகப் பிரித்தோம்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. வார்டில் மருத்துவரை அழைக்கும்போது அவர் தினமும் கையாண்ட முறைதான் அது. வீட்டுப் பராமரிப்பில் அது பொருந்தாது என்று எவரோ அவரை நம்பவைத்திருந்தார்கள். புதிய செய்தி ஐந்து வாக்கியங்களில் முடிந்தது. விரத நாள்களில் முற்பகலில் நான்கு முறை 4.0க்குக் கீழ், இன்று தாதி முன்னிலையில் 3.7, காலை ஊசிக்குப் பின் ஐந்து மணி நேரம் உணவில்லை, சிறுநீரகக் குறைபாடும் பீட்டா தடுப்பானும் உண்டு, அடுத்த விரத நாளுக்கு முன் மருந்தளவை மறுபரிசீலனை செய்யவும், எந்த அளவுக்குக் கீழ் ஊசியை நிறுத்தி அழைக்க வேண்டும் என்று எழுதித் தரவும் வேண்டுகிறோம். நாட்காட்டியின் படமும் உடன் சென்றது. மருத்துவர் அன்று மாலையே அழைத்தார்.

தாதி இன்சுலின் அளவைத் தாமாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் பாதுகாப்பற்றது என்று தெரிந்த ஒரு வரியை நிறைவேற்றியதாகக் கையெழுத்திடாமல், காரணத்தை எழுதி, உரியவரிடம் அதே நாளில் சேர்ப்பது அவருடைய தொழிற்கடமை. தயக்கத்தோடு நிற்கும் புதியவர்களிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

திருத்தப்பட்ட திட்டம்

கலந்துரையாடல் மூதாட்டியின் கட்டிலருகே நடந்தது. இதைத் தாதி வலியுறுத்தினார். பழைய திட்டத்தில் "இலக்குகள் குடும்பத்தாரோடு ஒப்புக்கொள்ளப்பட்டன" என்று இருந்தது. குடும்பத்தார் என்பது மகன் மட்டுமே. சிங்கப்பூரின் மனநலத் திறன் சட்டப்படி, ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று நிறுவப்படாதவரை அவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். இந்த மூதாட்டியிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது அவர் இரண்டே விஷயங்களைச் சொன்னார்: விரதத்தை விட முடியாது, மாலையில் சற்று நேரம் நாற்காலியில் உட்கார்ந்து சாமி விளக்கைப் பார்க்க வேண்டும். மகன் முதலில் கோபப்பட்டார். "அம்மா, உடம்பு இப்படி இருக்கறப்போ எதுக்கு விரதம்?" என்றார். "உடம்பு இப்படி இருக்கறதாலதான்டா," என்றார் தாய்.

மருத்துவர் முன்கலப்பு இன்சுலினை நிறுத்திவிட்டு, காலையில் ஒருமுறை மட்டும் போடும் நீண்ட நேர இன்சுலினுக்கு, குறைந்த அளவில், மாற்றினார். கட்டி தடித்த இடத்தைவிட்டுப் புதிய இடத்தில் போடும்போது மருந்து முன்பைவிட நன்றாக உறிஞ்சப்படும் என்பதும் அளவைக் குறைத்ததற்கு ஒரு காரணம். காலை அளவு இவருக்கென வகுத்த எல்லைக்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் எங்கள் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பது தமிழிலும், பணிப்பெண்ணின் மொழியிலும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது. விரதத்தைப் பற்றி மூதாட்டியே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்: வெள்ளிக்கிழமைகளில் காலை ஏழரைக்கே விளக்கேற்றிவிட்டுப் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்; அரிசிச் சோறு ஒருவேளை மட்டும். ஐப்பசியில் வரும் கந்த சஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமும் மூன்று வேளை. பால் கெட்டிப்படுத்தியே கொடுக்கப்பட வேண்டும், பழம் மசித்தே கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் திட்டத்தில் அந்த வரியோடு சேர்த்தே எழுதினோம். சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதும் ஒரே பக்கத்துக்கு வந்தது: விழித்துப் பேசினால் கெட்டிப்படுத்திய சர்க்கரை நீர், கூப்பிட்டும் சரியாக விழிக்காவிட்டால் வாயில் எதுவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 995 என்ற அவசர மருத்துவ உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மகன் ஊசி போடக் கற்றுக்கொண்டார். செய்து காட்டினார், நாங்கள் பார்த்தோம், அதன் பிறகே பெயரும் தேதியும் எழுதப்பட்டன.

இரவுப் புரட்டலுக்கு மருத்துவரோடும் புண் பராமரிப்புத் தாதியோடும் கலந்து முடிவெடுத்தோம். வட அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தத்தைக் குறைக்கும் தரமான நுரை மெத்தையில் படுத்திருந்தோரிடையே இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதில் புதிய புண் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏற்கெனவே புண் உள்ள ஒருவருக்கு அம்முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆகவே மெத்தையின் அழுத்தத்தை அவர் எடைக்குச் சரிசெய்து, குதிகால்களைத் தலையணையால் உயர்த்தி, 30 பாகைச் சாய்வில் படுக்கவைத்து, இரவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கினோம். ஒவ்வொரு காலையும் தோலைப் பார்த்து, அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் இடைவெளியைக் குறைப்பது என்பது நிபந்தனை. இப்படி இரவில் வரும் இரண்டு புரட்டல்களில் ஒன்றை, பணி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் மகன் ஏற்றுக்கொண்டார். அட்டவணையில் இப்போது நேரங்கள் ஒழுங்கற்று இருக்கின்றன: 12.40, 4.15, மறுநாள் 1.05, 4.50. அவற்றை நான் நம்புகிறேன்.

இதுவரையான நிலை

அடுத்து வந்த வாரங்களில் முற்பகல் அளவு 4.0க்குக் கீழ் இறங்கவில்லை. காலை அளவுகள் முன்பைவிடச் சற்று உயர்ந்தே இருக்கின்றன; மருத்துவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். புண் சுருங்கி வருகிறது, ஆனால் மூடவில்லை. உணவில் புரதம் போதவில்லை என்பது உணவியலாளரின் கருத்து. விரத நாள்களில் அதை எப்படி ஈடுசெய்வது என்பதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாலையில் நாற்காலியில் உட்காரவைப்பது வாரத்தில் சில நாள்கள்தான் நடக்கிறது. தூக்கி உட்காரவைக்க இருவர் தேவை, மகனின் பணி நேரம் ஒத்துவருவதில்லை.

சுகாதார அமைச்சு வெளியிட்டுள்ள இல்லப் பராமரிப்பு வழிகாட்டிக் குறிப்புகள், ஒவ்வொருவருக்கும் தனித்த திட்டம் வேண்டும், அது மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று கூறுகின்றன. எங்கள் குழுவிலும் மறுபரிசீலனை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது தாளில் இருந்த அளவுகளை வைத்து நடந்தது. தாளிலோ இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. இந்த நிகழ்வுக்குப் பிறகு அந்தத் தாளில் நேரம் குறிப்பிடாத மூன்றாவது கட்டம் ஒன்றும், "இன்று வழக்கம்போல் சாப்பிட்டாரா?" என்ற கேள்வியும் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு வீட்டைப் புதிதாக ஏற்கும் தாதி, முதல் இரண்டு வருகைகளில் தாம் கண்டதற்கும் திட்டத்தில் உள்ளதற்கும் இடையிலான வேறுபாடுகளை ஒரு பக்கத்தில் எழுதி வழிகாட்டித் தாதியிடம் கொடுக்க வேண்டும் என்றும், அவற்றில் மருந்து, விழுங்கல், மூச்சு தொடர்பானவை எவையானாலும் அன்றே மருத்துவரை அடைய வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது.

பணிப்பெண்ணின் ஒப்பந்தம் இவ்வாண்டு இறுதியில் முடிகிறது. புதியவர் வந்து சேரும் வாரத்தில் இருவரும் ஒன்றாக வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்ய மகன் முயன்று வருகிறார். அந்த வாரத்துக்கென இரண்டு கூடுதல் வருகைகளைத் தாதி இப்போதே அட்டவணையில் கேட்டு வைத்திருக்கிறார்.